நோயாளியின் அறையில் மணி பிளாண்ட்: வளர்ப்பும் காப்பும்

கடந்த மழைக்காலத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் பத்து நாள் இடைவெளியில் டெங்கு காய்ச்சலுடன் சிகிச்சைக்கு வந்தனர். முதலில் மகன், அவரை அடுத்து, எழுபது வயதைக் கடந்த தாயார். வீட்டில் எங்கேனும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று மருமகளிடம் வினவினேன். "மேல்தொட்டிக்கு மூடி இருக்கிறது, டாக்டர். டிரம்முக்குத் துணி கட்டியிருக்கிறோம். கொட்டாங்குச்சி, பழைய டயர் எதுவும் கிடையாது" என்றார் அவர். அருகில் நின்ற சிறுமி மெல்லிய குரலில், "ஆயா ஜன்னல்ல இருக்கிற பாட்டில்ல குட்டிக் குட்டிப் புழு நெளியுதே" என்றாள்.

ஆயாவின் கட்டிலுக்கு அருகில், ஜன்னல் திண்டில், பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் மணி பிளாண்ட் கொடி வளர்ந்துகொண்டிருந்தது. நோய் அந்தப் பாட்டிலிலிருந்துதான் வந்தது என்று எவராலும் உறுதிகூற இயலாது. ஆயினும் அன்று மாலை வீடு திரும்பியதும் என் சமையலறை ஜன்னலில் உள்ள பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்று வாரமாக நீர் மாற்றப்படாத அப்பாட்டிலிலும் புழுக்கள் நெளிந்தன. பிறருக்கு அறிவுரை கூறும் நானே கற்க வேண்டிய பாடம் அது. அதனையே இவ்விதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில், இக்கொடி இல்லாத வீடுகள் குறைவு. திண்ணையிலும் மாடிப்படியிலும் வாடகை அறைகளின் ஜன்னல்களிலும் அது தொங்குகிறது. அதனை அகற்றிவிடுங்கள் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் அதற்கென ஒதுக்கினால் கொடியும் செழிக்கும். வீட்டாரும் நலமாக இருப்பர். அந்தக் கால் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை எவை, அவற்றை ஏன் செய்ய வேண்டும் என்பதே இப்பாடம்.

கொடியை அறிதல்

மணி பிளாண்ட்டின் தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பசிபிக் பெருங்கடலில் உள்ள மொரேயா என்னும் தீவு இதன் தாயகம். அங்கு இது மழைக்காட்டு மரங்களின் நிழலில், கணுக்களிலிருந்து புறப்படும் வேர்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும். மரத்தில் ஏறும் கொடியின் இலை முறம்போல் பெருக்கும். தொட்டியிலிருந்து கீழே தொங்கும் கொடியின் இலை உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். நம் வீட்டுக் கொடியின் இலை சிறுத்திருப்பது நோயன்று. பற்றி ஏற இடமில்லாததன் விளைவே.

பச்சை இலையின்மேல் மஞ்சளோ வெண்மையோ தெளித்தாற்போல் இருப்பதே இதன் அழகு. அந்த வெளிர்ந்த பகுதிகளில் பச்சையம் குறைவு அல்லது இல்லை. பச்சையமே ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பது. எனவே வெண்மை மிகுந்த கொடி குறைந்த உணவில் வாழும் கொடி, மெதுவாகவே வளரும். நாற்றுப் பண்ணைகளில் 'மார்பிள் குயின்' என்னும் பெயரில் விற்கப்படும் வெள்ளை வகை, சாதாரண மஞ்சள் வகையைவிடத் தாமதமாக வளர்வதற்கு இதுவே காரணம்.

ஒளி

காட்டு நிழலில் வளர்ந்த கொடிக்கு வெளிச்சம் வேண்டும்; நேர்வெயில் வேண்டா. கிழக்கு நோக்கிய ஜன்னலின் இளங்காலை வெயில் அதற்கு ஏற்றது. மேற்கு ஜன்னலாயின் மெல்லிய திரைக்குப் பின்னால் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊரின் நண்பகல் வெயில் படுமாயின் ஒரே நாளில் இலை கருகிப் பழுப்புத் திட்டுகள் தோன்றும். கருகிய பகுதி மீண்டும் பசுமை அடையாது.

மாறாக, அறை இருட்டாக இருந்தால் புதிய இலைகளில் மஞ்சள் குறைந்து பச்சை மிகும். கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலியும். அதனைக் கண்டதும் தொட்டியை ஜன்னலுக்கு அருகே நகர்த்தலாம். முற்றிலும் பச்சையாகிவிட்ட கிளை இருப்பின், இருநிற இலை கடைசியாக உள்ள கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். இல்லையேல் வேகமாக வளரும் பச்சைக் கிளையே நாளடைவில் கொடி முழுவதையும் ஆட்கொள்ளும்.

நீரும் மண்ணும்

வீட்டில் வளரும் மணி பிளாண்ட் பெரும்பாலும் தாகத்தால் மடிவதில்லை. மிகுதியான நீரால் வேர் அழுகியே மடிகிறது. செம்மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். நீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றலாம். கோடையில் வாரம் இருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பத்து நாளுக்கு ஒருமுறையே போதுமானதாக இருக்கலாம். நாட்காட்டியைவிட விரல் நம்பத்தக்கது.

அடி இலைகள் பல ஒரே நேரத்தில் மஞ்சளாகி, மண் ஈரமாகவே இருப்பின், நீர் மிகுதி. இலைகள் துவண்டு, மண் உலர்ந்திருப்பின், நீர் குறைவு. முதிர்ந்த அடி இலை ஒன்று மட்டும் எப்போதேனும் பழுப்பது இயல்பு. இலைக்காம்பின் இடுக்கில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தென்பட்டால், சோப்பு நீரில் நனைத்த பஞ்சினால் துடைத்தெடுங்கள். நோயாளி படுத்திருக்கும் அறையில் பூச்சிக்கொல்லி தெளிக்கலாகாது.

புதிய கொடி உண்டாக்க, கணு ஒன்றேனும் உள்ளவாறு தண்டினை வெட்டி, அக்கணு நீரில் மூழ்கும்படி வைக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் வேர் விடும். கணு இல்லாத இலைக்காம்பினை எத்தனை நாள் நீரில் வைத்தாலும் கொடியாகாது. வேர் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவதே நலம். பலரும் இந்த நிலையில் மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் பாட்டிலிலேயே விட்டுவிடுகின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

பாட்டில் நீரும் ஏடிஸ் கொசுவும்

டெங்கு, சிக்குன்குனியா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டினுள்ளும் வீட்டைச் சுற்றியும் உள்ள தெளிந்த நீரையே அது பெரிதும் நாடும். நிழலான இடம், அசையாத நீர், சிறிய பாத்திரம் ஆகிய மூன்றும் மணி பிளாண்ட் பாட்டிலில் ஒருங்கே அமைந்துள்ளன. தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரும் அதற்குப் போதுமானது.

பெண் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் ஏறி முட்டைகளை நனைக்கும்போது அவை பொரிகின்றன. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஏழு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே: புழு கொசுவாகிப் பறப்பதற்கு முன் அதன் வாழ்வைத் துண்டித்துவிடுகிறோம்.

ஆனால் நீரை மட்டும் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றினால் பயன் பாதியே. சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றிப் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லவை. புதுநீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது இன்றியமையாதது.

நம் பகுதிக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை வெளியூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து தங்குவோர் பலர். அவர்கள் சென்றபின் அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே விடப்பட்ட பாட்டில் மெல்ல வற்றும். முட்டைகள் சுவரிலேயே காத்திருக்கும். அடுத்து வருபவர் கொடியைக் காப்பாற்றும் எண்ணத்துடன் நீர் ஊற்றுவார். அறையை வாடகைக்கு விடுவோர், பூட்டுவதற்கு முன் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தம் இடத்தில் கொசு உற்பத்தியாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பினை 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே வீட்டில் குடியிருப்போர் மீது சுமத்தியுள்ளது.

ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலைப் பொழுது சாயுமுன்னும் அதன் கடி மிகுதி. பகலில் படுத்து உறங்கும் நோயாளியே அதற்கு எளிதில் அகப்படுகிறவர். கட்டிலருகே பாட்டில் வைப்பது, நோயாளியின் தலைமாட்டிலேயே கொசுவிற்குத் தொட்டில் கட்டுவது போன்றது.

வீடு கழுவும் நாளில் கொடிக்குக் கால் மணி நேரம்

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் பலரிடமும் உண்டு. உங்கள் வீட்டில் அது எந்த நாளாயினும், அதே நாளைக் கொடிக்கும் உரிய நாளாகக் கொள்ளுங்கள். தனியே நினைவில் வைக்க வேண்டிய தேவை இராது.

1. கொடியைப் பாட்டிலிலிருந்து எடுத்து, வேரை ஓடும் நீரில் அலசுங்கள். கறுத்து அழுகிய வேரை வெட்டிவிடுங்கள்.
2. பழைய நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். புழு இருப்பின் அங்கே மடியும். வாளியிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டா.
3. பாட்டிலின் உட்சுவரை, குறிப்பாக நீர்மட்டக் கோட்டினை, நாரினாலோ பாட்டில் பிரஷ்ஷினாலோ அழுத்தித் தேயுங்கள்.
4. புதுநீர் ஊற்றி, தண்டினைச் சுற்றிப் பாட்டிலின் வாயைப் பஞ்சினால் இடைவெளியின்றி அடையுங்கள்.
5. மண்தொட்டியாயின், அடித்தட்டின் நீரைக் கொட்டி, தட்டினையும் தேய்த்துக் கழுவுங்கள்.
6. இலைகளின் இருபுறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். தூசு நீங்கினால் இலைக்கு ஒளி கிடைக்கும். மாவுப்பூச்சியும் கண்ணில் படும்.
7. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

வாரந்தோறும் இதனைச் செய்ய ஆளில்லாத வீட்டில் பாட்டில் வேண்டா, மண்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை டெங்குவில் இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். இதயநோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் உடனே தம் மருத்துவரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல் தணியும் நாட்களே டெங்குவில் கவனத்திற்குரிய நாட்கள். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

இலையைக் குழந்தை கடித்துவிட்டால்

சேப்பங்கிழங்கு அரியும்போது கை அரிப்பதையும், சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கைக் காறுவதையும் நாம் அறிவோம். மணி பிளாண்ட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவை அனைத்திலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி வடிவப் படிகங்களாக உள்ளது. இலையைக் கடித்தால் அவ்வூசிகள் நாக்கிலும் உதட்டிலும் குத்தி எரிச்சல், வீக்கம், எச்சில் வடிதல் ஆகியவற்றை உண்டாக்கும். பெரும்பாலும் இது சில மணி நேரத்தில் தணியும்.

வாயிலுள்ள இலையை எடுத்துவிட்டு, நீரால் வாயைத் துடைத்துக் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது பருகச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்கலாகாது. விழுங்க இயலாமை, குரல் மாற்றம், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொணர வேண்டும். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிப் பின் மருத்துவரிடம் காட்டுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில், தொங்கும் கொடியின் நுனி அதன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் இதே தொல்லை உண்டு.

எவர் அறையில் வைக்கலாகாது

தொட்டி மண்ணிலும் தேங்கிய நீரிலும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. நலமுடையோரை அவை தாக்குவது அரிது. புற்றுநோய் மருந்தினால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்தவர், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றப்பெற்றவர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உயர்ந்த அளவில் உட்கொள்பவர் ஆகியோருக்கு அவை தீங்கு செய்யக்கூடும். மண்ணில் காணப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை, இத்தகையோரின் நுரையீரலைத் தாக்கவல்லது. ஆகவே அவர்களது அறையில் செடியோ பூச்சாடியோ வேண்டா. மருத்துவர் அனுமதிக்கும் வரை மண்ணைக் கிளறும் வேலையும் வேண்டா. தீவிர சிகிச்சைப் பிரிவினுள் உறவினர் கொணரும் பூங்கொத்தினை அனுமதிக்காததற்கும் இதுவே காரணம். கொடியை முற்றத்திற்கு மாற்றி, வீட்டார் ஒருவர் பராமரிக்கலாம். நோயாளி ஜன்னல் வழியே பார்த்து மகிழலாம்.

கையில் ஆறாத புண் உள்ளோர் கையுறையின்றி மண்ணைத் தொடலாகாது. நீரிழிவினால் கால் மரத்துப்போனோர் தோட்டத்தில் வெறுங்காலுடன் நடக்கலாகாது.

காற்றைத் தூய்மை செய்யுமா?

"இக்கொடி காற்றைச் சுத்தம் செய்யுமாமே, டாக்டர், ஆஸ்துமாவுக்கு நல்லதா?" என்று பலர் கேட்கின்றனர். இக்கருத்து 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வொன்றிலிருந்து பரவியது. சிறிய, காற்றுப் புகாத கூண்டினுள் நிகழ்ந்த சோதனை அது. நாம் வாழும் வீடு மூடிய கூண்டு அன்று. 2019இல் வெளியான ஒரு மீளாய்வு, கதவு ஜன்னல் வழியே இயல்பாக நிகழும் காற்றோட்டத்திற்கு ஈடாக, ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் எனக் கணக்கிட்டது. ஆகவே காற்றுக்கு ஜன்னலைத் திறவுங்கள். ஆஸ்துமா உள்ளோருக்கு இன்ஹேலரின் இடத்தை எந்தச் செடியும் நிரப்பாது. எப்போதும் ஈரமாக உள்ள தொட்டி மண்ணில் படரும் பூஞ்சை சிலருக்குத் தும்மலையும் இழுப்பையும் தூண்டவும் கூடும். இரவில் செடி நம் மூச்சுக்காற்றைப் பறித்துவிடும் என்னும் அச்சமும் தேவையற்றது. ஒரு கொடி வெளியிடும் கரியமில வாயு மிகச் சொற்பம்.

நோயாளிக்கு ஒரு பொறுப்பு

அவ்வாறாயின் கொடியால் நோயாளிக்கு நன்மையே இல்லையா? உண்டு. ரோஜர் உல்ரிச் என்பார் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இருவரும் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்த்திய ஆய்வு இன்னும் சிந்தனைக்குரியது. இரு பிரிவினருக்கும் செடிகள் தரப்பட்டன. ஒரு பிரிவினர் தம் செடியைத் தாமே தேர்ந்து தாமே பராமரித்தனர். அன்றாட வாழ்வில் வேறு சில முடிவுகளும் அவர்களிடமே விடப்பட்டன. மற்றொரு பிரிவினரின் செடிகளுக்குப் பணியாளரே நீர் ஊற்றினர். தம் கையில் பொறுப்பு இருந்த முதியோரே அதிகச் சுறுசுறுப்புடனும் மகிழ்வுடனும் காணப்பட்டனர்.

நோயுற்றவரை நேசிக்கும் நாம், அவரிடமிருந்து எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்கிறோம். "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்பது அன்பின் சொல்லே. எனினும் பக்கவாதத்திலிருந்து தேறி வருபவருக்கும், நெடுநாள் படுக்கையில் இருந்தவருக்கும், தம்மை எதிர்பார்த்து ஓர் உயிர் உள்ளது என்னும் எண்ணம் எழுந்து உட்காரத் தூண்டுகோலாகும். இலையைத் துடைப்பது மரத்த விரல்களுக்கு நல்ல பயிற்சியும் ஆகும். மேற்கூறிய எதிர்ப்பாற்றல் குறைபாடு இல்லாதவராயின், வாராந்திர வேலையில் அவரால் இயன்ற பகுதியை அவரிடமே விட்டுவிடுங்கள். பாட்டில் கனமாக இருப்பின் ஒருவர் துணை நிற்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கொடி மிகுதியாக வளர்ந்து வெட்டும்போது, துண்டுகளைக் கிரிவலப் பாதையின் ஓரத்திலோ மலையடிவார ஓடைகளிலோ வீச வேண்டா. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஒரு கணு போதும், அது வேரூன்றிவிடும். இலங்கையின் கண்டி நகரில் உள்ள உடவத்தகலைக் காட்டில் இக்கொடி பரவி, அங்குள்ள இயற்கையான செடிகளை மூடி நெருக்கியுள்ளது. வெட்டிய துண்டுகளை வெயிலில் முற்றிலும் உலர்த்திப் பின் எருக்குழியில் இடுங்கள்.

தொடக்கத்தில் கூறிய தாயார் நலமடைந்து வீடு திரும்பினார். மறுபரிசோதனைக்கு வந்தபோது கொடியைப் பற்றிக் கேட்டேன். மருமகள் அதனை எறிந்துவிட முனைந்ததாகவும், தாம் இசையவில்லை என்றும் கூறினார். இப்போது அது மண்தொட்டியில் உள்ளது. வெள்ளிதோறும் அவர் இலைகளைத் துடைக்கிறார். அடித்தட்டைத் தேய்த்துக் கழுவுவது பேத்தியின் வேலை. புழு உள்ளதா என்று முதலில் பார்ப்பவளும் அவளே.

இதனைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஜன்னலில் உள்ள பாட்டிலை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.